சந்தைப் பட்டணத்தில் மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வழிகள்

விளைந்த பொருளை நல்ல விலைக்கு விற்பது எவ்வளவு முக்கியமோ, அதைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைச் சுருக்குவதும் அவ்வளவு முக்கியமாகும். விதை, எரு, கூலி ஆகியவற்றுக்கு ஒரு காசு விடாமல் கணக்கெழுதும் மிராசுதாரர்களிற் பலர், வண்டிச் சத்தத்தை மட்டும் தவிர்க்கமுடியாத செலவென்று எண்ணி விட்டுவிடுகின்றனர். காய்கறி போன்ற கனமான, அழுகும் இயல்புடைய சரக்குகளில், விலை இறங்கிய நாட்களில் வண்டிச் சத்தமே ஆதாயத்தை நஷ்டமாக மாற்றிவிடுகிறது.

இக்காரணம் பற்றியே, மின்சாரத்தால் ஓடும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் மீதும், இரண்டு சக்கர வண்டிகள் மீதும் குடியானவர்களுடைய கவனம் திரும்பியிருக்கிறது. 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் தேதியிலிருந்து இவ்வண்டிகளின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டதும் இவை பரவுவதற்கு ஒரு காரணமாயிற்று. கிராமப் பஞ்சாயத்துக்கள் பலவற்றில் குப்பை சேகரிப்பதற்குப் பாட்டரி வண்டிகள் கொடுக்கப்பட்டிருப்பதால், மின்சார வண்டி என்பது கிராமத்தாருக்குக் காணாத பொருளுமன்று. எனினும், வாங்க நினைப்பவர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஊரில் இருக்கும்வரை சரி, சரக்குடன் பட்டணத்துக்குப் போன இடத்தில் சார்ஜ் குறைந்துவிட்டால் என் செய்வது?" அக்கேள்விக்குரிய விடையை ஒரு சிறு பட்டணத்தை உதாரணமாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

ஒட்டன்சத்திரம்: ஓர் உதாரணம்

திண்டுக்கல் ஜில்லாவில், திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள ஒட்டன்சத்திரம், காய்கறி வியாபாரத்துக்குப் பேர்பெற்ற பட்டணமாகும். சுற்றுக் கிராமங்களில் விளையும் தக்காளி, கத்தரி, முருங்கை, மிளகாய் முதலியன இங்குள்ள மார்க்கெட்டுக்கு வந்து, கமிஷன் மண்டிகளின் மூலம் விலையாகி, பெரும்பகுதி கேரளத்துக்கு லாரியேறுகிறது. ஒரு பக்கம் சமவெளிக் கிராமங்கள்; மற்றொரு பக்கம் பரப்பலாறு அணையையும் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களையும் உடைய மலைப்பகுதி. ஆகவே, சமதரை வண்டியும் மலைப்பாதை வண்டியும் ஒருங்கே வந்துசேரும் இடம் இது.

இவ்வூரின் பெயரிலேயே சத்திரம் என்ற சொல் நிற்கிறது. பழைய நாட்களில் நெடுஞ்சாலைகளில் சத்திரம் கட்டியவர்கள், வழிப்போக்கருக்கு உணவும் நிழலும் வைத்ததோடு, வண்டி மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். வண்டிக்காரன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே மாடு தண்ணீர் குடித்து, வைக்கோல் தின்று, இளைப்பாறிக்கொள்ளும். மாட்டுக்குத் தீனி வைப்பதற்கென்று வண்டிக்காரன் தனியே பிரயாணம் செய்ததில்லை. மின்சார வண்டிக்கும் இம்முறையே பொருந்தும். வண்டி எங்கே வேலையின் நிமித்தம் நிற்கிறதோ, அங்கேயே அதற்கு மின்சாரம் கிடைக்கவேண்டும். சிறு பட்டணங்களில் சார்ஜ் வசதிக்கு இடம் தேடுவோர் முதலிற் கவனிக்கவேண்டியது இதுவேயாகும்.

பாட்டரியின் கணக்கு

மோட்டார் வைத்துத் தொட்டி நிரப்பும் குடியானவருக்குப் பாட்டரியின் கணக்கு எளிதில் விளங்கும். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமானது பாட்டரியின் கொள்ளளவு. இது யூனிட்டுகளில் சொல்லப்படுகிறது. மோட்டார் தண்ணீர் தள்ளும் வேகத்துக்குச் சமமானது சார்ஜரின் சக்தி. இது கிலோவாட்டில் சொல்லப்படுகிறது. ஒரு கிலோவாட் சக்தியில் ஒரு மணி நேரம் ஏற்றினால் ஒரு யூனிட். வாய்க்காலில் தண்ணீர் கசிவதுபோல், ஏற்றும்போது மின்சாரத்திலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வீணாகும்; மீட்டரில் ஓடும் யூனிட் முழுவதும் பாட்டரியில் சேருவதில்லை.

இரண்டு சக்கர வண்டிகளின் பாட்டரி பொதுவாக 2 முதல் 4 யூனிட் கொள்ளும். மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளிற் பெரும்பாலானவை 7 முதல் 11 யூனிட் கொள்ளும். நாலு சக்கரச் சிறு சரக்கு வண்டிகளில் 20 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட பாட்டரிகள் உண்டு. மோட்டார்க் கார்கள் பலவற்றில் 25 யூனிட்டிலிருந்து 50 யூனிட் வரையிலும் அதற்கு மேலும் உண்டு.

சக்தியைக் குதிரைச் சக்தியாக மாற்றிப் பார்த்தால் நன்கு விளங்கும். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். வீட்டிலுள்ள பெரிய மூன்று கம்பிப் பிளக் 3.3 கிலோவாட் வரை தரும். இது ஒரு 5 குதிரைச் சக்தி மோட்டார் இழுப்பதைவிடக் குறைவே. நெடுஞ்சாலைகளில் கார்களுக்கென்று நிறுவப்படும் அதிவேகச் சார்ஜர்களில் சாதாரணமானது 50 கிலோவாட் உடையது. அதாவது 67 குதிரைச் சக்தி. பதின்மூன்று பம்பு மோட்டார்களை ஒரே சமயத்தில் ஓட்டுவதற்கு அது சமமாகும். கிராமங்களில் வழங்கும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கக்கூடிய ஒரு யந்திரத்தை எங்கு வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

பட்டணத்திற் கிடைக்கக்கூடிய வசதிகள்

முதலாவது, நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளிலுள்ள அதிவேகச் சார்ஜர்கள். மத்திய சர்க்கார் 2023ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மூன்று பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகளுக்கு 800 கோடி ரூபாய் அனுமதித்து, நாடெங்கும் 7,432 அதிவேகச் சார்ஜ் நிலையங்கள் நிறுவ ஏற்பாடு செய்தனர். இவை பெரும்பாலும் ஸி.ஸி.எஸ்.-2 என்னும் பெரிய கைப்பிடியை உடையவை; கார், நாலு சக்கரச் சரக்கு வண்டி ஆகியவற்றுக்கு ஏற்றவை. தூரப் பிரயாணிக்கு இவை மிக உபகாரமானவை. ஆனால் குடியானவர்கள் ஒன்றை மறக்கலாகாது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளிலும் இரண்டு சக்கர வண்டிகளிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இக்கைப்பிடி பொருந்தவே பொருந்தாது. பங்கில் பலகை தொங்குவதைப் பார்த்து நம்பிச் செல்பவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். வண்டி வாங்குமுன் எந்தக் கைப்பிடி அதற்குப் பொருந்தும் என்று எழுத்து மூலம் கேட்டறிவது அவசியம்.

இரண்டாவது, டைப்-2 எனப்படும் நடுத்தர வேகச் சார்ஜர்கள். ஓட்டல், தங்கும் விடுதி, கல்யாண மண்டபம் முதலிய இடங்களுக்கு ஏற்றவை இவை. 7 கிலோவாட் அளவில் ஏற்றும் யந்திரமானால், 30 யூனிட் பாட்டரியுள்ள கார் ஒன்று நாலரை முதல் ஐந்து மணிக்குள் நிரம்பிவிடும். பழனிக்குச் செல்லும் யாத்திரிகர் இரவு தங்கும் இடங்களில் இவை பயன்படும்.

மூன்றாவது, இரண்டு சக்கர வண்டிக் கம்பெனியார் தாமே வைக்கும் சார்ஜர்கள். முன்னர் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கைப்பிடியை வைத்துக்கொண்டதால், ஒன்றின் யந்திரம் மற்றொன்றுக்கு உதவாமற்போயிற்று. ஏத்தர் கம்பெனியார் வகுத்த அமைப்பை ஆதாரமாகக் கொண்டு, இலேசான வண்டிகளுக்கு ஒரு பொதுத் தரத்தை இந்திய தர நிர்ணய அமைவனம் 2023இல் அங்கீகரித்தது. இத்தரத்தைப் பல கம்பெனிகள் ஏற்குமளவுக்கு இக்கஷ்டம் குறையும்.

நாலாவது, பாட்டரி மாற்று நிலையம். தீர்ந்த பாட்டரியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்வது இம்முறை. நேரம் மிச்சமாகும், ஆனால் அந்தக் கம்பெனியின் வண்டியாகவே இருத்தல் வேண்டும், நாள்தோறும் போதிய வண்டிகள் வந்தாலன்றி இத்தொழில் கட்டிவராது. ஆதலால் இது பெரு நகரங்களில் தழைப்பதுபோல் சிறு பட்டணங்களில் உடனே தழைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஐந்தாவது, சாதாரண மூன்று கம்பிப் பிளக். வண்டியுடன் கொடுக்கப்படும் சிறு சார்ஜரை இதிற் செருகி ஏற்றிக்கொள்ளலாம். மீட்டரும், கட்டணம் செலுத்தும் வசதியும் சேர்த்து, பொது இடத்தில் வைப்பதற்கேற்றவாறு 3.3 கிலோவாட் அளவுள்ள சிறு பெட்டிகளும் இந்தியத் தரப்படி செய்யப்படுகின்றன. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்வசதியே விவசாயிகளுடைய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது. நிறுவும் செலவும் மற்றவற்றைவிடக் குறைந்தது.

வரவு செலவுக் கணக்கு

மார்க்கெட்டிலிருந்து 15 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிராமத்திலிருந்து சரக்கேற்றிவந்து திரும்பும் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். போகவர 30 கிலோமீட்டர். பாரத்துடன் ஒரு யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால் 3¾ யூனிட் ஆகும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மீட்டரில் சுமார் 4.3 யூனிட் ஓடும். இதே தூரத்துக்கு, லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் டீஸல் வண்டிக்கு 1.2 லிட்டர் வேண்டும். விலைகள் இடத்துக்கிடம் மாறுமாதலால், கணக்கின் பொருட்டு டீஸல் லிட்டர் 90 ரூபாய் என்றும், மின்சாரம் வீட்டில் யூனிட் 8 ரூபாய், மார்க்கெட் பிளக்கில் 12 ரூபாய், அதிவேக நிலையத்தில் 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு நடைக்கு டீஸல் செலவு 108 ரூபாய். வீட்டில் ஏற்றினால் சுமார் 35 ரூபாய், மிச்சம் 73. மார்க்கெட் பிளக்கில் ஏற்றினால் சுமார் 52 ரூபாய், மிச்சம் 56. கைப்பிடி பொருந்தி, அதிவேக நிலையத்திலேயே ஏற்றினால் 86 ரூபாய்; மிச்சம் 22 மட்டும். மாதத்துக்கு 25 நடையானால் மிச்சம் முறையே 1,825 ரூபாய், 1,400 ரூபாய், 550 ரூபாய் ஆகிறது. பாட்டரியின் தேய்மானத்துக்கும் கடன் தவணைக்கும் இம்மிச்சத்திலிருந்தே எடுத்துவைக்கவேண்டும். எனவே, முதல் இரண்டு வழிகளில் வண்டி தன் விலையைத் தானே சம்பாதிக்க இடமுண்டு. மூன்றாவது வழியை நித்தியப் பழக்கமாகக் கொண்டால் அதற்கு இடமில்லை. தத்தம் ஊர் விலையை இட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

30 கிலோமீட்டர் நடைக்கு வீட்டிலேற்றிய சார்ஜே போதுமாதலால் மார்க்கெட்டில் பிளக் எதற்கு என்று கேட்கக்கூடும். 45 கிலோமீட்டருக்கப்பாலிருந்து வருபவரைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவருடைய வண்டியின் பாட்டரி 8 யூனிட் என்று கொள்வோம். பாரத்துடன் வந்துசேர 5.6 யூனிட் செலவாகி, 2.4 யூனிட் எஞ்சும். வெறும் வண்டியாகத் திரும்ப, யூனிட்டுக்கு 10 கிலோமீட்டர் வீதம், 4½ யூனிட் வேண்டும். பிளக் இல்லாவிட்டால் அவர் நடுவழியில் நிற்கவேண்டியதுதான். சரக்கை இறக்கி, எடை போட்டு, விலையாகி, பணம் பெறும் வரை வண்டி இரண்டரை மணி நேரம் நிற்குமானால், 2 கிலோவாட் வீதம் 5 யூனிட் ஏறும். வீணாவது போக 4.3 யூனிட் பாட்டரியிற் சேரும். ஆக 6.7 யூனிட்டுடன் புறப்பட்டு, வீடு சேர்ந்தபின்னும் 2 யூனிட்டுக்கு மேல் கையிருப்பு இருக்கும். சாதாரணப் பிளக் ஒன்று மார்க்கெட்டிற்கு வண்டி வரக்கூடிய தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. இதற்கு அதிவேக யந்திரம் வேண்டியதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் இருந்தாற் போதும்.

மலைப்பாதையில் கவனிக்கவேண்டியது

மலைத் தோட்டங்களுக்கு ஏறும் வண்டிகளுக்குச் சமதரைக் கணக்குச் செல்லாது. பாரத்துடன் 1,200 கிலோ எடையுள்ள வண்டியை 1,000 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கே, சாலை உராய்வு நீங்கலாக, சுமார் 3¼ யூனிட் வேண்டும். ஆகையால் எருவும் சாமானும் ஏற்றி மலையேறுபவர் அடிவாரத்திலேயே பாட்டரியை நிரப்பிக்கொள்ளவேண்டும். இறங்கும்போதோ மோட்டாரே பிரேக்காக வேலைசெய்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் மலையுச்சியில் முழுவதும் நிரப்பிய பாட்டரி இம்மின்சாரத்தை ஏற்காது. அப்பொழுது மோட்டாரின் பிடி தளர்ந்து, சாதாரண பிரேக்கின்மீதே பாரம் முழுதும் விழும். எனவே மலையிலிருந்து சரக்குடன் இறங்கப்போகும் வண்டிக்கு நூற்றுக்கு எண்பது அளவோடு நிறுத்திக்கொள்வது விவேகம்.

பம்பு லைனில் ஏற்றலாகாது

மிராசுதாரர்கள் இவ்விஷயத்தை மிகவும் கவனமாக மனத்திற் கொள்ளவேண்டும். விவசாயப் பம்பு மோட்டார்களுக்குத் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமாக அளிக்கப்படுகிறது. அந்த லைனிலிருந்து ஒரு கம்பியிழுத்து வண்டிக்கு ஏற்றிக்கொண்டால் செலவேயில்லையே என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றலாம். பாசனத்துக்கென்று அனுமதிக்கப்பட்ட மின்சாரத்தை வேறு காரியத்துக்கு உபயோகிப்பது 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். அதற்குரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விகிதத்தில் வசூலிக்கப்படும். நேர்மையற்ற கருத்துடன் செய்ததாக ஏற்பட்டால் 135ஆம் பிரிவின்படி மின்சாரத் திருட்டாகவே கருதப்பட்டு, சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் இடமாகும். நாலு யூனிட் லாபத்துக்காகப் பாசன இணைப்பையே ஆபத்துக்குள்ளாக்குவது தானியத்துக்கு ஆசைப்பட்டு விதைக் குதிரை இழப்பதை ஒக்கும்.

வீட்டு இணைப்பில் சொந்த வண்டிக்கு ஏற்றிக்கொள்வதற்கு மத்திய சர்க்காரின் நெறிமுறைகள் இடங்கொடுக்கின்றன. ஆனால் வீட்டு உபயோகம் மிகுந்தால் கட்டண விகிதமும் படிப்படியாக உயரும். நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 240 யூனிட் கூடும் என்பதை முன்னரே கணக்கில் வைக்கவேண்டும். விரும்புவோர் வண்டிக்கென்று தனி இணைப்பும் கேட்கலாம். 2024ஆம் வருஷத்துத் திருத்த விதிகளின்படி, புதிய இணைப்பைப் பெரு நகரங்களில் 3 நாட்களிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்களிலும், கிராமப் பகுதிகளில் 15 நாட்களிலும் கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டி வைத்திருப்போர் எந்தக் கட்டண வகை தமக்குப் பொருந்தும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

சார்ஜ் நிலையம் வைக்க லைசென்சு வேண்டுமா?

வேண்டியதில்லை. வண்டிக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனையாகாது, அது ஒரு சேவையே என்று மத்திய மின்சார அமைச்சகத்தார் 2018ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் விளக்கம் வெளியிட்டனர். அவ்வருஷம் டிசம்பரில் முதல் நெறிமுறைகள் வந்தன. 2022ஆம் வருஷம் ஜனவரியில் அவை தொகுத்தும், 2024ஆம் வருஷம் செப்டம்பரில் மீண்டும் திருத்தியும் வெளியிடப்பட்டன. நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்றாக இரு பக்கமும் நிலையங்கள் அமையவேண்டும் என்று 2022ஆம் வருஷத்து நெறிமுறைகள் வகுத்தன. தரமும் பாதுகாப்பும் விதிப்படி இருக்குமாயின், தனி நபரோ, சங்கமோ, பஞ்சாயத்தோ எவரும் நிலையம் வைக்கலாம். தமிழ்நாட்டிலும் பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கென்று தனிக் கட்டண வகை உண்டு.

சூரிய சக்தி மின்சாரம் மிகுந்து கிடைக்கும் பகல் 9 மணி முதல் 4 மணி வரை கட்டணத்தைக் குறைத்தும், மற்ற வேளைகளிற் கூட்டியும் விதிக்கும் முறை மத்திய நெறிமுறைகளிற் கூறப்பட்டிருக்கிறது. மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் விகிதமே செல்லுபடியாகுமெனினும், காலையில் சரக்கிறக்கிவிட்டு முற்பகலில் நிற்கும் சந்தை வண்டிகளுக்கு இம்முறை அனுகூலமானதே.

பஞ்சாயத்தாரும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

சார்ஜ் நிலையம் என்றவுடன் பெரிய யந்திரமொன்றைக் கேட்டு மனுப் போடுவதே வழக்கமாயிருக்கிறது. 50 கிலோவாட் யந்திரம் ஒன்று ஒரு சமயத்தில் ஒரு காருக்கோ இரண்டு கார்களுக்கோ பயன்படும். 3.3 கிலோவாட் பிளக்குகள் பத்து வைத்தால், பத்தும் ஒருங்கே முழு அளவில் இழுத்தாலும் 33 கிலோவாட்டே ஆகும். பத்து வண்டிகள் பயன்பெறும். பெரிய யந்திரத்தை நெடுஞ்சாலைக்கு விட்டுவிட்டு, ஊருக்குள் சிறு பிளக்குகளைப் பரப்புவதே குடியானவர்களுக்கு நன்மை பயக்கும். அதற்குப் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

1. மார்க்கெட், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கூட்டுறவுச் சங்கம், பஸ் நிலையம், தாலூகா ஆபீஸ் ஆகிய இடங்களில் எத்தனை மின்சார வண்டிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு மணிக்குக் குறைவாக நிற்குமிடத்தில் மெதுவான பிளக் பயன்படாது.

2. அவ்விடத்து டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவையும், அதில் எஞ்சியுள்ள இடத்தையும் மின்வாரியப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கேட்டறியவேண்டும்.

3. முதலில் நாலு பிளக்குகளுடன் தொடங்கி, பத்துக்குப் போதுமான கம்பியையும் குழாயையும் அப்பொழுதே பதித்துவிடவேண்டும். பின்னால் தரையைத் தோண்டுவது வீண்செலவு.

4. யூனிட் விலையைத் தமிழிற் பெரிதாகப் பலகையில் எழுதிவைக்கவேண்டும். கைபேசி மூலம் பணம் செலுத்தும் வசதியோடு, ரொக்கம் வாங்குவதற்கும் ஓர் ஆள் இருக்கவேண்டும். கைபேசிச் செயலி இல்லாதவனுக்குப் பயன்படாத நிலையம் பொது நிலையமாகாது.

5. பழுது பார்க்கும் பொறுப்பை ஒருவருடைய பெயரில் எழுதிவைக்கவேண்டும். பழுதாகிக் கிடக்கும் பிளக், பிளக் இல்லாமையைவிடத் தீங்கானது. ஏனெனில் அதை நம்பியே வண்டி புறப்பட்டு வருகிறது.

6. சார்ஜ் ஏறி முடிந்தபின்னும் இடத்தை விடாமல் நிற்கும் வண்டிக்குச் சிறு கட்டணம் விதிக்கலாம். பெட்ரோல் வண்டிகள் அவ்விடத்தை அடைத்துக்கொள்ளாதபடி கோடு போடவேண்டும்.

பாதுகாப்பு

பாட்டரித் தீ அபூர்வமே. ஆயினும் நேர்ந்தால் அணைப்பது கடினம். ஆகவே, கீழ்க்கண்டவற்றைத் தவறாது அனுசரிக்கவேண்டும். வைக்கோல் போர், சோளத்தட்டைக் குவியல், மாட்டுக் கொட்டகை, எண்ணெய்ப் பீப்பாய் ஆகியவற்றின் அருகே வண்டியைச் சார்ஜில் போடலாகாது. பிளக் 16 ஆம்பியர் உள்ளதாகவும், தனி எர்த்தும், மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஸ்விட்சும் உடையதாகவும் இருக்கவேண்டும். ஒட்டுப்போட்ட கம்பியையும், சாதாரண விளக்குக்குரிய நீட்டுக் கம்பியையும் உபயோகிக்கக் கூடாது. கம்பி சுட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும். களஞ்சியத்துப் பக்கத்தில் ஏற்றுபவர்கள் எலி கடித்த கம்பியை அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டும். பாரத்துடன் வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் அரைமணி நேரம் ஆறவிடுவது பாட்டரியின் ஆயுளை வளர்க்கும். வண்டியுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றை, விலை மலிவு என்பதற்காக வாங்கிச் செருகலாகாது.

முடிவு

புதிய வண்டி வாங்க நினைக்கும் குடியானவர், முதலில் தம் வண்டி ஒரு நாளில் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். இரவு வீட்டில் ஆறு மணி நேரமும், பகலில் மார்க்கெட்டில் இரண்டு மணி நேரமும் நிற்குமானால், அந்த இரண்டிடங்களிலும் விதிப்படி அமைந்த பிளக் இருப்பதே அவருக்குப் போதுமானது. அதிவேக நிலையம் அவசரத்துக்கும் தூரப் பிரயாணத்துக்கும் இருக்கட்டும். வீட்டுப் பிளக்கை அவரே அமைத்துக்கொள்வார். மார்க்கெட்டுப் பிளக்கை அவர் தனியே அமைத்துக்கொள்ள முடியாது. அதை மார்க்கெட்டுக் கமிட்டியாரும், நகரசபையாரும், பஞ்சாயத்தாரும் கூடியே செய்யவேண்டும். வரும் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே மேற்சொன்ன ஒரு வார எண்ணிக்கையை எடுப்பதென்று தீர்மானித்தால், கேட்கவேண்டியது எத்தனை பிளக், எந்த இடத்தில் என்பது அடுத்த மாதத்துக்குள் தெளிவாகிவிடும்.